மூன்றாம் வரிசையில் பெயரில்லாமல் நிற்பவனுக்கு

புத்தகம் வந்து எட்டு நாள் ஆகிறது. உறையைக் கிழித்ததும் பசை வாடையும் புதுத் தாளின் வாடையும் சேர்ந்து அடித்தன. நல்ல கனம். அட்டையில் இறக்கையை மேலே மடக்கி வைத்திருக்கும் அந்த விமானம். எழுத்துத் தெரியாதவனுக்குப் படம் தெரியாதா? நம் விமானப் பிரிவின் வரலாறு அது என்று மகள் செல்வி வாசித்துச் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

நடுவில் ஒரு புகைப்படம், இரண்டு பக்கத்துக்கு விரித்துப் போட்டிருந்தார்கள். விமானத்தின் மூக்குக்கு முன்னால் எல்லாரும் வரிசையாகச் சேர்ந்து எடுத்த படம். கீழே பெயர்கள். செல்வி ஒவ்வொன்றாக வாசித்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளுக்குப் பெயர், பதவி, வாங்கிய பதக்கம் எல்லாம் இருந்தன. இரண்டாம் வரிசைக்கும் இருந்தன. மூன்றாம் வரிசையில் இடப்பக்கமிருந்து நாலாவது ஆள், தலையைச் சற்றே சாய்த்து, கேமராவுக்கு முகத்தைக் கொடுக்காமல் காதைக் கொடுத்து நிற்கிறான். நீதான். சந்தேகமே இல்லை.

"இவருக்கு என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"பெயர் தெரியவில்லைன்னு போட்டிருக்குப்பா."

இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். அதையேதான் வாசித்தாள்.

தெரியவில்லையாம். பெயர் தெரியாமலா உன்னை மூன்று நாள் ஓர் அறையில் அடைத்து விசாரித்தார்கள்? தெரியாத ஆளின் தோளிலிருந்தா பட்டையைக் கழற்றினார்கள்? நான் அந்தப் படத்திலேயே இல்லை. கூலியாளைப் படத்துக்கு நிறுத்துவதில்லை. சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, கேமராக்காரன் கை காட்டிய பக்கம் விலகி நின்றேன். அது எனக்குக் குறையாகப் படவில்லை. உனக்குக் கீழே அந்த இரண்டு சொல் இருப்பதுதான் எட்டு நாளாக என்னைச் சோறு தின்னவிடாமல் செய்கிறது.

ஆகவே இதைச் சொல்கிறேன், செல்வி எழுதுகிறாள். "கோவத்தக் கொஞ்சம் கொறச்சு எழுதட்டுமாப்பா?" என்று கேட்டாள். ஒரு சொல் குறைத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ பரளச்சிக்காரன். மழையை நம்பி உளுந்தும் பருத்தியும் போடுகிற வீட்டில் பிறந்தவன். அருப்புக்கோட்டைக்குப் பெரிய படிப்புக்கு வந்து, எங்கள் நெசவுத் தெருவில் ஓர் அறையில் தங்கினாய். எங்களுக்கு வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். வந்த ஒரே மாதத்தில் எங்கள் தெலுங்கில் வசவுகளை மட்டும் பொறுக்கிக் கற்றுக்கொண்டாய். எனக்கும் உன் வயசுதான். ஆறு வயதில் தறி நாடாவுக்கு நூலைச் சுற்றிக் கொடுக்க, தார் சுற்ற, உட்கார வைத்தார்கள். பள்ளிக்கூடத்தை அதன் பக்கமாகப் போகும்போது பார்த்ததோடு சரி.

உன் ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்கத் தறி ஓடும். கேட்டுக் கேட்டு உனக்குத் தலைவலி. எனக்கோ அது பேச்சு மாதிரி. ஒரு மத்தியானம் எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருக்க, நான் உன்னிடம், "மொட்டையன் தறியில இழை அறுந்திருச்சு, இப்ப நிறுத்துவான் பாரு" என்றேன். நின்றது. நீ புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"ஏலே, எப்படிலே தெரிஞ்சது?"

"கேட்டுச்சு."

"எனக்குந்தான் கேக்குது. பதினஞ்சு தறி ஓடுதுல்ல?"

"பதினஞ்சு பேரு பேசுனா, ஒங்க அய்யா குரலு ஒனக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து உனக்கு அதுவே விளையாட்டு. கண்ணைக் கட்டிக் கூட்டிப்போய்த் தெருமுனையில் நிறுத்தி வடைக்குப் பந்தயம் கட்டுவாய். நீ வாங்கிக் கொடுத்த வடைக்குக் கணக்கே இல்லை.

பிறகு நீ கடற்படையில் சேர்ந்தாய். மழை பொய்த்து, நூலும் கிடைக்காமல், தெருவே வாயை மூடிக் கிடந்த ஒரு வருஷம், வெள்ளை உடுப்போடு விடுமுறைக்கு வந்தாய். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"எங்கூட வாரியாலே? கூலி வேலைதான். விமானத்தத் தள்ளணும், கழுவணும்."

"அதுக்குப் படிச்சிருக்கணுமே?"

"தள்ளுறதுக்குத் தோளு போதும். வா."

வந்தேன். மலையாளக் கரையில் ஒரு விமானத்தளம். தகரக் கொட்டகை, தென்னை, எந்நேரமும் உப்புக்காற்று. நம் ஊரில் குடிக்க ஒரு குடம் தண்ணீருக்குக் கண்மாய் தாண்டி நடக்கும் பெண்களைப் பார்த்தவன் நான். அங்கே கடலிலிருந்து திரும்பிய விமானத்தை நல்ல தண்ணீரால் நாள்தோறும் கழுவச் சொன்னார்கள். உப்பு தின்றுவிடுமாம். முதல் நாள் குழாயைத் திறக்காமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். நீ பின்னாலிருந்து, "ஊத்துலே, ஒங்க அம்மா வந்து பாக்கப் போறதில்ல" என்றாய்.

புத்தகத்தில் நம் பிரிவின் பிறப்பை அழகாக எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து விமானம் வந்தது, கொடி ஏற்றினார்கள், விருந்து நடந்தது. சரிதான், இருக்கட்டும். நான் பார்த்ததை நான் சொல்கிறேன். மூக்கில் காற்றாடி வைத்த விமானம். கிளம்பும்போது ஊளையிடும். உள்ளே மூன்று பேர்: ஓட்டுகிறவர், திசை பார்க்கிற அதிகாரி, பெட்டிகளோடு உட்காருகிற நீ. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடத்தான் முதலில் வாங்கினார்கள். பிறகு உன் இருக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டியை வைத்தார்கள். அதிலிருந்துதான் நம் பிரிவின் உண்மையான வரலாறு தொடங்குகிறது என்று நீ சொல்வாய்.

அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு நாள் விமானத்தின் நிழலில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாய். கப்பல்காரன் சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்க்க ரேடாரைச் சுழற்றுகிறான். அது வீசுகிற அலை நம் பெட்டியில் வந்து விழுகிறது. காதுக்குழாயை மாட்டினால் அது சத்தமாகக் கேட்கும். ஒரு சுற்றுக்கு ஒரு தரம் ஒரு கீச்சல். அவன் நம்மைப் பார்க்கும் முன்பே அவன் இருப்பது நமக்குத் தெரிந்துவிடும்.

"அவன் என்ன பேசுறான்னு கேக்குமா?" என்றேன்.

"பேச்சில்லலே. அவன் தறி ஓடுற சத்தம்னு வச்சுக்கோ."

நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். வினை அங்கேதான் தொடங்கியது.

ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பதிவறை. வானத்தில் பிடித்த சத்தத்தை நாடாவில் எடுத்துவந்து அங்கே போட்டுக் கேட்டு, இது போர்க்கப்பல் ரேடார், இது சரக்குக் கப்பல் ரேடார் என்று பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள். எனக்கு அந்த அறையில் தரை துடைக்கிற வேலை மட்டும். துடைக்கும் நேரத்தில் நாடா ஓடக்கூடாது என்பது விதி. ஒரு மத்தியானம் நீ ஒலிபெருக்கியை நிறுத்த மறந்துபோனாய். இரண்டு நாடாவை மாற்றி மாற்றிப் போட்டு, "ரெண்டும் ஒண்ணுதான், சரக்குக் கப்பல்" என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டாய்.

நான் துடைப்பத்தை நிறுத்தினேன். "ரெண்டும் ஒரே தறி இல்லலே."

"என்னடா சொல்ற?"

"அந்தக் கொழாயக் குடு."

காதில் வைத்தேன். ஜெனரேட்டர் இரைச்சலில் சரியாகப் பிடிபடவில்லை. எங்கள் ஊரில் விசைத்தறி ஷெட்டில் மேஸ்திரி செய்வதைச் செய்தேன். ஐம்பது தறி ஓடுகிற இரைச்சலில் எந்தத் தறியில் கோளாறு என்று காதால் பிடிக்க முடியாது. ஒரு கட்டையைப் பல்லில் கடித்து, மறுமுனையைத் தறிச் சட்டத்தில் வைப்பார். தாடை எலும்பு வழியாக அந்தத் தறி மட்டும் கேட்கும். நான் காதுக்குழாயின் இரும்பு வளையத்தைக் கடித்துக்கொண்டு இரண்டு காதையும் பொத்தினேன். நீ வாயைப் பிளந்து பார்த்தாய்.

"மொதல்ல போட்டது நேரா ஓடுது. ரெண்டாவது, நாலு சுத்துக்கு ஒரு தரம் நொண்டுது. நாகம்மாக்கா தறி மாதிரி."

நாகம்மாக்கா நம் தெருவில் உன் எதிர்வீடு. படியில் விழுந்து முழங்கால் பிசகியதிலிருந்து நாலு மிதிக்கு ஒரு மிதி தாமதமாக விழும்.

நீ கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு அளந்தாய். பத்துத் தரம் அளந்தாய். நாலாவது சுற்று ஒரு மயிரிழை பிந்தியது. அந்தக் கப்பலில் ரேடாரைச் சுற்றுகிற பல்சக்கரத்தில் ஒரு பல் தேய்ந்திருக்கும் என்றாய். பட்டியல் என்ன வகை ரேடார் என்றுதான் சொல்லும். இந்தக் காது எந்தக் கப்பல் என்றே சொல்லிவிடும் என்று சொல்லி என் தலையில் ஓங்கி ஓர் அடி அடித்தாய். வலித்தது. மறக்கவில்லை.

அதன்பிறகு ஏழெட்டு மாதம் உன் நோட்டு நிறைந்தது. நான் கேட்பேன், நீ எழுதுவாய். ஓட்டைப்பல் சுப்பையா, மொட்டையன், பெரியவீட்டு மருமகள், பஜனைமடத்துத் தறி. பத்தொன்பது. எல்லாம் எங்கள் தெரு. எனக்குத் தெரிந்த அடையாளம் அதுதானே. "இத எப்படிலே இங்கிலீசுல எழுதுறது?" என்று தலையைச் சொறிந்துவிட்டுத் தமிழிலேயே எழுதினாய். அங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நீயும் ஒரு கிளார்க்கும் மட்டும். அதுதான் நாம் செய்த பிழை. ஒரு ராணுவத் தளத்தில், பூட்டிய அறையில், யாருக்கும் புரியாத எழுத்தில், ஆண் பெயரும் பெண் பெயருமாக, பக்கத்தில் நேரமும் திசையும் போட்டு ஒரு நோட்டு. நமக்கு அது நெசவுத் தெரு. மற்றவனுக்கு அது என்னவாகத் தெரியும் என்று நாம் யோசிக்கவே இல்லை.

ஒரு நாள் நீ பறக்கும்போது நாலைந்து சரக்குக் கப்பல்களின் கீச்சலுக்கு நடுவே நொண்டிக்கொண்டு ஒன்று வந்தது. முன்பு பதிவானபோது சரக்குக் கப்பல் என்று ஒதுக்கிய அதே சத்தம். இது அந்தக் கூட்டத்தில் சேர்ந்ததில்லை, ஒரே கப்பல் மாதக்கணக்கில் நம் கரையோரமே சுற்றுகிறது, போய்ப் பார்க்க வேண்டும் என்று அதிகாரியிடம் சொன்னாய். போனீர்கள். வேற்றுநாட்டுப் போர்க்கப்பல், சரக்குக் கப்பல்களுக்கு நடுவே ஒளிந்து, அந்தக் கப்பல்களில் இருக்கிற மாதிரி ரேடாரையே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கண்ணால் பார்த்துப் படம் எடுத்துத் திரும்பினீர்கள். கமாண்டர் ஓடிவந்து கைகொடுத்தார். அந்தச் சந்தோஷம் ஒரே ஒரு நாள் இருந்தது. அவசரத்தில் பறப்புப் பதிவேட்டில் நீ எழுதியது, 'நாகம்மா, வடமேற்கு'.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி அந்தப் பதிவேட்டைக் கையில் எடுத்தார். உன் அலமாரியிலிருந்து நோட்டும் போனது.

விசாரணை நடந்த அறைக்கு வெளியேதான் நான் விமானம் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. கழுவின இடத்தையே திரும்பத் திரும்பக் கழுவினேன். அவர்கள் கேட்பதைக் கிளார்க்கு தமிழில் சொல்வார், நீ சொல்வதை இங்கிலீஷில் சொல்வார். உனக்கே இங்கிலீஷ் தெரியும், ஆனாலும் நோட்டு தமிழில் இருப்பதால் பதிலும் உன் வாயால் தமிழில்தான் வரவேண்டும் என்றார்கள்.

"யாரு இந்த நாகம்மா?"

"அருப்புக்கோட்டையில நெய்யுறவுக."

"உனக்கு என்ன உறவு?"

"எதுத்த வீடு."

"எதுத்த வீட்டம்மா எப்படி வடமேற்கே கடல்ல இருந்தாங்க?"

"அவுக இல்ல சார். அவுக தறி."

கிளார்க்கு அதை மொழிபெயர்க்காமல் நின்றார். "தம்பி, இதச் சொன்னா என்னையும் சேத்து உள்ள வப்பாங்க. வேற ஏதாச்சும் சொல்லு" என்றார்.

"உள்ளத அப்படியே சொல்லுங்க."

"சுப்பையா?"

"அதுவும் தறிதான்."

"பெரியவீட்டு மருமகள்?"

"நல்ல தறி. வேகமா ஓடும்."

உள்ளே மேசையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. வேறு யார் பதிவறைக்கு வந்தார்கள், யார் உன்னோடு கேட்டார்கள் என்று கேட்டார்கள். அதற்கு மட்டும் நீ வாயைத் திறக்கவில்லை. அன்று மாலை உன் தொப்பியையும் பெல்டையும் வாங்கிக்கொண்டு அடைத்தார்கள்.

அங்கே அப்படி இருக்க, நம் தெருவுக்கு ஏட்டையா ஒருவர் சைக்கிளில் போயிருக்கிறார். நாகம்மாக்கா பின்னால் உன்னிடம் அதை நடித்துக் காட்டினாள். நீ சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாய்.

"ஒங்களுக்குக் கப்பல்ல யாரையும் தெரியுமா?"

"ஏட்டையா, எங்க கம்மாயில தண்ணி நின்னு ரெண்டு வருசமாச்சு. எனக்கு எங்கிட்டுக் கப்பலு?"

"ஒங்க பேரு கடற்படை நோட்டுல இருக்கு."

"ரேசன் கார்டுலயே எம்பேரு தப்பா இருக்கு. அதத் திருத்தக் கேட்டு எத்தன தரம் தாலுகாபீசுக்கு நடந்தேன்? நீங்க நோட்டப் பத்திக் கேக்க வந்துட்டீக."

"ஒங்க தறிச் சத்தந்தான் சாட்சியாம்."

"அப்ப உக்காருங்க, நெய்யுறேன். கேட்டுட்டுப் போங்க. சும்மா நிக்காம அந்தத் தாரு கூடைய இப்படி நகத்துங்க."

ஏட்டையா கூடையை நகர்த்திக் கொடுத்தாராம். சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை, அந்த அம்மாளுக்கு வாய் அதிகம் என்று எழுதி அனுப்பினாராம். ஆனால் அந்தக் காகிதம் வந்து சேரப் பல நாள் ஆகும். நீ உள்ளே இருந்தாய்.

நான் முதல் நாள் பேசாமல் இருந்தேன். இரண்டாம் நாளும் இருந்தேன். இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இப்போது சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டால் வேலை நிலைக்கும், ஊரில் அடுப்பு எரியும், நீயும் என்னைக் காட்டிக் கொடுக்கப் போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் இரண்டு நாள் விமானம் கழுவினேன். மூன்றாம் நாள் காலையில், சோற்றுத் தட்டை உன் அறைக்குள் தள்ளுகிறவன், "ஒங்க ஊர்க்காரன உளவாளின்னு பெரிய ஊருக்குக் கொண்டுபோகப் போறாங்க" என்றான். குழாயைப் போட்டுவிட்டு, நனைந்த கால்சட்டையோடு விசாரணை அறைக்குள் நேரே போய் நின்றேன்.

கிளார்க்கு பதறினார். "ஏய், ஒனக்கு என்ன வேல இங்க?"

"அந்த நோட்டுல இருக்கிறதெல்லாம் நான் கேட்டது. அவன் எழுதுனது மட்டும். டேப்பப் போடச் சொல்லுங்க. டேப்பு மேல எழுதி ஒட்டுன அட்டைய மறைச்சுக்கிட்டுப் போடச் சொல்லுங்க."

கமாண்டர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தரையில் என் காலடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. போடச் சொன்னார். உன்னையும் கூட்டிவந்து ஒரு மூலையில், முகம் சுவரைப் பார்க்க நிறுத்தினார்கள், நீ ஜாடை காட்டிவிடுவாயாம்.

காதுக்குழாயைக் கடித்தேன். பாதுகாப்பு அதிகாரி ஏதோ சொல்லிச் சிரித்தார். தின்னப் போகிறானா என்று கேட்டாராம்.

"ஓட்டப்பல்லு சுப்பையா" என்றேன். கிளார்க்கு நோட்டைப் புரட்டித் தலையாட்டினார். "பஜனமடம்." தலையாட்டினார். "மொட்டையன்." அடுத்தது ஓடியது. "இது முன்ன போட்டதே, சுப்பையா. ஏமாத்தாதீக." பாதுகாப்பு அதிகாரியின் சிரிப்பு நின்றது. இன்னும் மூன்று சொன்னேன். கடைசியாக ஒன்று போட்டார்கள். சுற்று முடியும் வரை கேட்டேன். மறுபடி கேட்டேன்.

"இது எங்க தெரு இல்ல."

கிளார்க்கு அதைச் சொன்னதும் கமாண்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அது அன்று காலையில்தான் வேறொரு தளத்திலிருந்து வந்த நாடா. நீ சுவரைப் பார்த்தபடியே தோள் குலுங்க நின்றாய். அழுகிறாய் என்று நினைத்தேன். நீ சிரித்தாய்.

உளவு என்ற பேச்சு அத்தோடு போனது. ஆனால் விதி போகவில்லை. எழுத்து வாசனை இல்லாத கூலியாள் மூடிய அறையில் உட்கார்ந்து கேட்டது வெளியே தெரிந்தால் எல்லாருக்கும் தலைகுனிவு. ஒரு காகிதம் தயாரானது. நோட்டில் இருந்த அந்தப் பட்டியலை நீ ஒருவனே தயாரித்தாய், கூலியாளுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை என்று நீ கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பட்டை நிலைக்கும், பறக்கலாம், பாராட்டுப் பத்திரம்கூட உண்டு. என்னைச் சத்தமில்லாமல் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் காகிதத்தோடு நீ விமானத்தின் இறக்கை நிழலுக்கு வந்தாய். ஒவ்வொரு வரியாக எனக்கு வாசித்துக் காட்டினாய்.

"போட்டுட்டுப் போலே" என்றேன். "எனக்குப் பேரு எதுக்கு? போட்டாலும் அத எனக்கு வாசிக்கத் தெரியாது."

"அதான் போடமாட்டேன். வாசிக்கத் தெரியாதவன் பேரத் திருடுறது ரொம்ப லேசு."

"பறக்க விடமாட்டாங்கலே."

"கேட்டவன் நீ, எழுதுனவன் நான். ரெண்டு பேரையும் போட்டா கையெழுத்து. இல்லன்னா இந்தக் காயிதத்துல வடைய மடிச்சுத் தின்னச் சொல்லு."

உள்ளே போய் இவ்வளவையும் நல்ல இங்கிலீஷில் சொன்னாயாம். வடையை மட்டும் விட்டுவிட்டாயாம். பட்டையைக் கழற்றினார்கள். பறப்பதிலிருந்து இறக்கிச் சாமான் கிடங்கில் போட்டார்கள். மறுநாள் எனக்கு ரயில் சீட்டுக் கொடுத்தார்கள். ரயிலடிக்கு வர உனக்கு அனுமதி இல்லை.

ஊருக்கு வந்து விசைத்தறி ஷெட்டில் சேர்ந்தேன். அதற்குப் பிறகுதான் வங்காளச் சண்டை வந்தது. டீக்கடை ரேடியோவில் சேதி கேட்கும் கூட்டத்தில் நானும் நின்றேன். நம் விமானங்கள் உன் பட்டியலை எடுத்துக்கொண்டு பறந்தன. பெயர்களை மட்டும் அடித்துவிட்டு நம்பர் போட்டுக்கொண்டார்கள், நாகம்மாக்காவுக்கு ஏழு என்று நீ பிற்பாடு சொன்னாய். அந்த நாட்களில் நீ கிடங்கில் போர்வை எண்ணிக் கொடுத்தாய். ஒவ்வொரு விமானமும் கிளம்புகிற ஊளையையும் திரும்புகிற ஊளையையும் கேட்டு, போனது எத்தனை வந்தது எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தாயாம். அந்தச் சண்டையில் நம் பிரிவு என்ன செய்தது என்று புத்தகத்தில் பதினான்கு பக்கம் இருக்கிறது. பட்டியலைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. 'பிரிவினரின் கூட்டு முயற்சியால் உருவானது' என்று செல்வி வாசித்தாள். கூட்டு முயற்சிதான். கூட்டு இரண்டே பேர்.

காலம் முடிந்து நீ திரும்பி வந்தாய். மல்லாங்கிணற்றில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டாய். கடையில் கடற்படைப் படம் ஒன்றுகூட மாட்டவில்லை. சண்டையில் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறவர்களிடம், "போர்வ குடுத்தேன்" என்பாய். நல்ல குளிரோ என்று அவர்களும் கேட்பார்கள். நாகம்மாக்கா மட்டும் உன்னை விடவில்லை. "எந் தறிய வச்சுக் கப்பலுப் பிடிச்சீகளாமே, எனக்கு ஒரு சேலையாச்சும் உண்டா?" என்றாள். நெய்கிறவளுக்கே சேலை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாய். அவள் விரித்துப் பார்த்து, "இழை சரியில்ல" என்று சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டாள்.

ஒரு தரம் நான் கேட்டேன், வருத்தமில்லையா என்று. பிரித்துப் போட்ட ரேடியோவிலிருந்து தலையைத் தூக்காமல், "எதுக்கு? நான் போடாத கையெழுத்து அங்க அப்படியேதான்லே இருக்கு. அத யாரும் அழிக்க முடியாது" என்றாய். போன பங்குனியில் உன்னைப் பரளச்சியில் புதைத்தபோது உன் மகன் என்னிடம், "அப்பா நேவியில என்னவா இருந்தாரு மாமா?" என்று கேட்டான். பெற்ற பிள்ளைக்கே சொல்லாமல் போயிருக்கிறாய். அங்கேயே, மண் ஈரம் காயும் முன்பே, எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னேன்.

இனி முந்தாநாள் நடந்ததைச் சொல்கிறேன். புத்தகத்தைத் தொகுத்த அதிகாரி போனில் வந்தார். ஓய்வு பெற்றவர், பட்டணத்துத் தமிழ், மரியாதையான மனிதர். அன்று விசாரணையில் மொழிபெயர்த்த கிளார்க்குதான் சாவதற்கு முன் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் விலாசம் தேடிப் புத்தகம் அனுப்பியிருக்கிறார். செல்வி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போனை வைத்தாள்.

"ஐயா, அடுத்த பதிப்புல உங்களைப் பத்தித் தனியா ரெண்டு பக்கம் போடலாம்னு இருக்கோம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தர் காதாலேயே கப்பலைக் கண்டுபிடிச்சார்னா, இப்ப இருக்கிற பசங்க ஆச்சரியப்படுவாங்க."

"மூணாம் வரிசையில நாலாவது ஆளு பேர எழுதிக்கோங்க, சொல்றேன்" என்றேன். உன் பெயர், உன் அய்யா பெயர், ஊர் எல்லாம் சொன்னேன்.

அந்தப் பக்கம் பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஐயா, அவர் பேர் எங்களுக்குத் தெரியும்" என்றார்.

தெரியுமாம். தெரிந்துதான் தெரியவில்லை என்று போட்டிருக்கிறார்கள்.

"அவர் மேல ஒரு தண்டனை பதிவாகியிருக்கு. அதனால கமிட்டியில ஒத்துக்கல. உங்க விஷயத்துல அப்படி ஒண்ணும் இல்ல. ஒரு சம்மதப் படிவம் அனுப்புறேன். கைநாட்டு வச்சா போதும்."

"அப்ப எம்பேரும் வேண்டாம்."

"ஐயா, யோசிச்சுச் சொல்லுங்க. அந்த நாடாவெல்லாம் பூஞ்சை பிடிச்சு அழிஞ்சுபோச்சு. அந்தச் சத்தமெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு சொல்ல இப்ப உங்களை விட்டா ஆள் இல்ல. நீங்களும் சொல்லலைன்னா எல்லாமே போயிடும்."

"சொல்ல மாட்டேன்னு யாரு சொன்னா? ரெண்டு பேரும் ஒரே வரியில வரணும். கேட்டவன் இவன், எழுதுனவன் இவன். அந்த வரிய எழுதிக் கொண்டாங்க, ஒரு நாள் பூராச் சொல்றேன்."

"கமிட்டி ஒத்துக்கணுமே ஐயா."

"ஒத்துக்கிடட்டும். நான் எங்கயும் போகல."

போனை வைத்ததும் செல்வி என் முகத்தைப் பார்த்தாள். "ஒங்களுக்கு எம்பத்திரண்டு வயசுப்பா" என்றாள். தெரியும். அவர்களுக்கும் தெரியும். அதற்காகத்தான் அவசரப்படுகிறார்கள். அவசரம் அவர்களுடையது.

படிவம் இன்று காலைத் தபாலில் வந்துவிட்டது. கீழே விரல் வைக்க ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். மடித்து மாடத்தில் வைத்திருக்கிறேன், கட்டம் வெறுமையாகவே இருக்கிறது. காலையில் வாசலில் உட்கார்ந்து பத்தொன்பதையும் வரிசையாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். தினமும் பார்ப்பதுதான். ஒன்றுகூடத் தேயவில்லை. செல்வியைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் மூன்றையும் விரலால் தட்டிக் காட்டினேன். இரண்டைப் பிடித்துக்கொண்டாள், மூன்றாவது தப்பியது. நாளைக்கு வரும். அவள் எழுதத் தெரிந்தவள், பிடித்ததை ஒரு புது நோட்டில் எழுதிவைப்பாள், ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பில் இரண்டு பெயரைத்தான் போடுவாள். முதலில் உன்னுடையதைப் போடச் சொல்லியிருக்கிறேன்.